பெட்டியில் எழுதிய ஆம்பியரும் காந்தத்துக்குள் கிடைக்கும் ஆம்பியரும்

வாசகர் கேள்வி – பதில்

உயர் வெப்பநிலை மீக்கடத்தி டேப் (திரவ நைட்ரஜனில் குளிர்வித்தாலே மின்தடை அற்றுப்போகும் பொருள் பூசிய உலோக நாடா) இப்போது கல்லூரி ஆய்வகங்களிலும் பத்து, இருபது மீட்டர் அளவில் புழங்குகிறது. அதைக் காந்தப்புலத்துக்குள் வைத்ததும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பதில் தருகிறோம். கேள்விகளைச் சற்றுச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: 4 மில்லிமீட்டர் அகல டேப் வாங்கினோம். பெட்டியில் 120 ஆம்பியர் என்று போட்டிருந்தது. திரவ நைட்ரஜனில் முக்கி அளந்தபோது அதுவும் சரியாக வந்தது. மின்காந்தத்தின் நடுவில் 1 டெஸ்லாவில் வைத்தால் 28 ஆம்பியரிலேயே மின்னழுத்தம் எழுகிறது. டேப் பழுதா? (திருச்சியிலிருந்து ஒரு முதுநிலை மாணவர்)

டேப் நன்றாகவே இருக்கிறது. பெட்டியில் உள்ள எண் 77 கெல்வினில் (திரவ நைட்ரஜன் கொதிக்கும் வெப்பநிலை), வெளிக் காந்தம் எதுவும் இல்லாதபோது எடுத்தது. 120 ஆம்பியர் ஓடும் 4 மில்லிமீட்டர் டேப் தன் முகத்தில் தானே உண்டாக்கிக்கொள்ளும் புலம் ஏறத்தாழ 20 மில்லிடெஸ்லா. நீங்கள் வைத்தது அதைப்போல் ஐம்பது மடங்கு. 77 கெல்வினில், அகல முகத்துக்குச் செங்குத்தாக 1 டெஸ்லா கொடுத்தால் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் சற்றுக் குறைவோ மிஞ்சுவது வழக்கம்தான்.

காரணம் இது. இவ்வகை மீக்கடத்தி புலத்தை முழுக்க வெளியே தள்ளுவதில்லை. மெல்லிய சுழல்களாக உள்ளே விடுகிறது. ஒவ்வொரு சுழலும் சுமக்கும் காந்தப்பாயம் மாறாத அளவு: 2.07 × 10⁻¹⁵ வெபர். 1 டெஸ்லாவில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் 48 கோடி சுழல்கள் நிற்கும். பக்கத்துச் சுழல் 49 நானோமீட்டர் தள்ளி. 20 டெஸ்லாவில் அந்த இடைவெளி 11 நானோமீட்டராகச் சுருங்கிவிடும். மின்னோட்டம் பாயும்போது சுழல்கள் பக்கவாட்டில் தள்ளப்படுகின்றன. நகர்ந்தால் மின்னழுத்தம், மின்னழுத்தம் வந்தால் சூடு. ஆகவே சுழலை நகரவிடாமல் பிடித்துவைக்கப் படிகத்துக்குள் குறைபாடுகள் வேண்டும். மாட்டை முளையில் கட்டுவது மாதிரி. முளைகளின் எண்ணிக்கை மாறாது. மாடுகள் பெருகப் பெருகக் கட்டில்லாமல் நிற்பவை கூடுகின்றன. 77 கெல்வினில் வெப்ப அசைவு வேறு கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருக்கும். அந்த வெப்பநிலையில் 7, 8 டெஸ்லாவை நெருங்கினால் உங்களிடம் உள்ளதுபோன்ற இட்ரியம் வகை டேப்பில் தடையின்றி ஓடும் மின்னோட்டம் அநேகமாகத் தீர்ந்துபோகும். அதே டேப்பைத் திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினுக்கு இறக்கினால் 30, 40 டெஸ்லாவிலும் ஓட்டலாம்.

பிஸ்மத் சேர்மத்தாலான பழைய பிஸ்மத் 2223 டேப்பாக இருந்திருந்தால் உங்கள் நிலைமை இன்னும் மோசம். 77 கெல்வினில், செங்குத்துப் புலம் ஒரு டெஸ்லாவில் பத்தில் சில பங்கு ஆனதுமே அது கைவிட்டுவிடும்.

கேள்வி: இந்த டேப்பில் உண்மையில் மீக்கடத்தி எவ்வளவு இருக்கிறது? தடிமனாகப் பூசினால் என்ன? (மதுரை, பள்ளி ஆசிரியை)

வெட்டிப் பார்த்தால் பெரும்பகுதி ஹாஸ்டலாய் என்ற நிக்கல் உலோகக்கலவைதான். 50 மைக்ரோமீட்டர், மெல்லிய வகையில் 30. அதன்மேல் சில இடைப்படலங்கள். அவற்றில் மக்னீசியம் ஆக்சைடு வெறும் 10 நானோமீட்டர் அளவு. அயனிக் கற்றை பாய்ச்சி அதைப் பூசும்போதுதான் படிகங்கள் ஒரே திசைக்குத் திரும்புகின்றன. அதற்கு மேலே 1 முதல் 2 மைக்ரோமீட்டர் கருப்பு மீக்கடத்தி. அதன்மேல் வெள்ளி 1, 2 மைக்ரோமீட்டர். எல்லாவற்றையும் சுற்றிப் பக்கத்துக்கு 20 மைக்ரோமீட்டர் செம்பு. மொத்தம் 0.1 மில்லிமீட்டர் தடிமனில் வேலை செய்யும் பொருள் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான்.

தடிமன் கூட்டக் கூட்ட மேலே வளரும் படிகங்கள் திசை தவறுகின்றன. அடுத்தடுத்த படிகங்களுக்கிடையே ஐந்து டிகிரிக்கு மேல் கோணப் பிசகு வந்தால் அந்த எல்லையைக் கடக்கும் மின்னோட்டம் கிடுகிடுவெனச் சரியும். இரட்டைத் தடிமனில் இரட்டை மின்னோட்டம் கிடைக்காததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கேள்வி: புலம் டேப்பின் முகத்துக்குச் செங்குத்தாக இருப்பதுதான் படுமோசம் என்று படித்தோம். எங்கள் அளவீட்டில் மிகக் குறைந்த மின்னோட்டம் செங்குத்திலிருந்து 50, 60 டிகிரி சாய்த்தபோது வந்தது. எங்கே தவறு? (கோவை, ஆராய்ச்சி மாணவி)

அளவீட்டில் தவறில்லை, படித்ததுதான் பழையது. முளை வைக்காத சாதாரணப் படலத்துக்கு அந்த விதி பொருந்தும். இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடில் செம்பு–ஆக்சிஜன் தளங்கள் டேப்பின் முகத்துக்கு இணையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. புலமும் அதே திசையில் இருந்தால் சுழல்கள் தளங்களுக்கிடையே உள்ள பள்ளத்தில் படுத்துக்கொள்ளும், நகர்த்துவது கடினம். ஆகவே இணைத் திசையில் ஒரு கூரிய உச்சம் வரும்.

செங்குத்துத் திசையில் இருந்த பலவீனத்தைச் சரிசெய்யத் தயாரிப்பாளர்கள் பேரியம் சிர்க்கோனேட் அல்லது பேரியம் ஹாஃப்னேட் சேர்க்கிறார்கள். படலம் வளரும்போதே அது 5 முதல் 10 நானோமீட்டர் விட்டமுள்ள தூண்களாக, முகத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. தூணும் சுழலும் ஒரே திசையில் இருந்தால் சுழல் முழு நீளத்துக்கும் பிடிபடும். தூண்களுக்கிடையே 20 நானோமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால் 5 டெஸ்லா வரை சுழலுக்கு ஒரு தூண் உண்டு. அதற்கு மேல் வருபவை இடுக்கில் ஒண்டவேண்டும். இப்படிச் செய்த டேப்பில் செங்குத்தில் ஓர் உச்சம், இணையில் ஓர் உச்சம், நடுவே பள்ளம். உங்களுக்குக் கிடைத்தது அந்தப் பள்ளம்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. ஜெர்மனியின் தேவா நிறுவனம் இடைப்படலத்தைச் சாய்வாகப் பூசி வளர்ப்பதால் அவர்கள் டேப்பில் படிகத் தளங்களே முகத்திலிருந்து ஏறத்தாழ 30 டிகிரி சாய்ந்திருக்கும். செங்குத்தை 0 என்று கொண்டால், அங்கே இணை உச்சம் 90 டிகிரியில் வராது. இடப்பக்கச் சாய்வும் வலப்பக்கச் சாய்வும் ஒன்றாக இருக்காது. சுருள் சுற்றும்போது டேப்பைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் கணக்கு மாறிவிடும்.

அளக்கும்போது 0 முதல் 180 டிகிரி வரை முழுக்கச் சுற்றுங்கள். பாதி சுற்றிவிட்டு மறுபாதியை ஊகிக்கவேண்டாம். பொதுவாக 5 டிகிரிக்கு ஒரு புள்ளி போதும். இணைத் திசைக்கு இருபுறமும் 5 டிகிரிக்குள் மட்டும் அரை டிகிரிக்கு ஒன்று எடுங்கள். தாழ்ந்த வெப்பநிலையில், பலத்த புலத்தில் அந்த உச்சம் ஊசி போலிருக்கும். இரண்டு மூன்று டிகிரி தப்பினால் மின்னோட்டம் கணிசமாக விழும்.

சுருள் வடிவமைப்பவருக்கு இதிலுள்ள பாடம் நேரடியானது. தட்டைச் சுருள்களை அடுக்கிச் செய்த காந்தத்தில் நடுவே புலம் டேப்பின் முகத்துக்கு இணை. அங்கே கவலை குறைவு. மேல், கீழ் முனைகளில் புலக்கோடுகள் விரிந்து முகத்தைக் குத்துகின்றன. புலம் அங்கே நடுவை விடக் குறைவுதான் என்றாலும் முழுக் காந்தத்தின் எல்லையையும் முனையில் இருக்கும் இரண்டு மூன்று சுருள்கள்தான் தீர்மானிக்கும். வாங்கிய டேப்பில் மிகச் சிறந்த துண்டுகளை முனைகளுக்கு ஒதுக்குங்கள்; அல்லது அங்கே மட்டும் அகலமான டேப்பைச் சுற்றுங்கள். சிறந்ததை நடுவில் சுற்றிவிட்டு மிச்சத்தை முனைக்குத் தள்ளுவது பரவலாகக் காணும் தவறு.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் 1 டெஸ்லா மின்காந்தமும் 200 ஆம்பியர் மின்வழங்கியும் இருக்கின்றன. புலத்தில் மாறுநிலை மின்னோட்டத்தை (தடையின்றி ஓடக்கூடிய உச்ச மின்னோட்டத்தை) முறையாக அளப்பது எப்படி? (சேலம், இயற்பியல் துறை)

15 சென்டிமீட்டர் டேப் எடுங்கள். கத்தரிக்கோல் கூர்மையாக இருக்கட்டும். மழுங்கினது விளிம்பை நசுக்கிப் படலத்தைப் பிரித்துவிடும். இரு முனையிலும் 3 சென்டிமீட்டர் நீளத்துக்குச் செம்புக் கட்டைமீது சால்டர் வையுங்கள். மீக்கடத்தி இருக்கும் முகம் கட்டையைத் தொடவேண்டும். 118 டிகிரி செல்சியஸில் உருகும் இண்டியம்–வெள்ளீயச் சால்டர் சிறந்தது. ஈயம்–வெள்ளீயம் 183 டிகிரியில் உருகும், அதுவும் ஆகும். ஆனால் 200ஐத் தாண்டிச் சூட்டை நிறுத்திவைத்தால் படலத்திலுள்ள ஆக்சிஜன் வெளியேறத் தொடங்கும். ஆக்சிஜன் போனால் மீக்கடத்தலும் போகும். சில நொடிகளில் வேலையை முடித்துவிடுங்கள்.

மின்னழுத்தக் கம்பிகள் இரண்டையும் நடுப்பகுதியில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில், முனைக் கட்டைகளிலிருந்து ஒன்றரைச் சென்டிமீட்டராவது தள்ளிப் பற்றவையுங்கள். மிக அருகில் வைத்தால் செம்பிலிருந்து மீக்கடத்திக்கு மின்னோட்டம் இறங்கும் இடத்தின் தடையும் சேர்ந்து வரைபடம் தொடக்கத்திலேயே சாய்ந்து நிற்கும். ஒரு கம்பியை டேப்பின்மேல் படுத்தவாறே கொண்டுவந்து மற்றதோடு முறுக்கி ஒன்றாக வெளியே எடுங்கள். நடுவில் வளையம் திறந்திருந்தால் மின்காந்தத்தின் சிறு நடுக்கமும் மைக்ரோவோல்ட்டாகத் தெரியும்.

இனி, பலர் தவறவிடும் இடம். புலம் முகத்துக்குச் செங்குத்தாக இருக்கும்போது விசை டேப்பின் அகலவாக்கில் இருக்கும். 100 ஆம்பியர், 1 டெஸ்லா, காந்த முனைக்குள் 5 சென்டிமீட்டர் என்றால் 5 நியூட்டன், அதாவது அரைக் கிலோ எடை விளிம்பைத் தள்ளுகிறது. கண்ணாடியிழைப் பலகையில் டேப் அகலத்துக்குக் காடி வெட்டி அதில் இறக்கினால் சுவர் தாங்கிக்கொள்ளும். புலம் முகத்துக்கு இணையாகத் திரும்பியதும் விசை முகத்துக்குச் செங்குத்தாகிவிடும். அப்போது டேப் பலகையை நோக்கி அழுந்தும்படி மின்னோட்டத் திசையை வையுங்கள். திசை மாறினால் டேப் பலகையை விட்டு எழும்பி மடங்கும். அந்த மடிப்பு நிரந்தரச் சேதம். சுழற்றுவதும் டேப்பின் நீளவாக்கு அச்சில்தான் இருக்கவேண்டும். அப்போதுதான் எல்லாக் கோணத்திலும் மின்னோட்டமும் புலமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும்.

திரவ நைட்ரஜனுக்குத் தெர்மோகோல் தொட்டியே போதும். காந்த முனைகளுக்கிடையே 30, 40 மில்லிமீட்டர் இடம் இருந்தால் ஒட்டி ஒரு குறுகிய தொட்டி செய்துவிடலாம். கால்நடைத் துறையின் உறைவிந்துக் குடுவைகளுக்கு வரும் அதே நைட்ரஜன்தான். அறைச் சன்னல் திறந்திருக்கட்டும். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கு நெருங்கிய வாயுவாகும். பலகையை ஒரேயடியாக முக்காமல் ஆவியில் நாலைந்து நிமிடம் காட்டிப் பிறகு இறக்குங்கள்.

மின்னோட்டத்தை 2 ஆம்பியர் படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஓரிரு நொடி நிறுத்தி வாசியுங்கள். சுழியத்தில் தெரியும் மின்னழுத்தம் கம்பிகளின் வெப்பநிலை வேறுபாட்டால் வருவது, அதைக் கழித்துவிடுங்கள். சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோவோல்ட் என்பது உலகெங்கும் வைத்திருக்கும் அளவுகோல். உங்கள் 5 சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோவோல்ட் வரும் இடமே மாறுநிலை மின்னோட்டம். 30 மைக்ரோவோல்ட்டைத் தாண்டவேண்டாம். இரு அச்சும் மடக்கை அளவில் வரைந்தால் கோட்டின் சாய்வு டேப்பின் அடுக்கெண்; மின்னழுத்தம் எவ்வளவு செங்குத்தாக எழுகிறது என்பதன் அளவு அது. புலமில்லாதபோது 30ஐச் சுற்றி இருப்பது புலத்தில் 15க்கும் கீழே போகலாம். புலமில்லாதபோதே 10 வந்தால் டேப்பில் எங்கோ விரிசல்.

முடிந்ததும் வெதுவெதுப்பான காற்றில் உலர்த்துங்கள். வெட்டிய முனைவழி ஈரம் உள்ளே போனால் அடுத்த மாதம் அதே துண்டு வேறு எண் காட்டும்.

கேள்வி: 77 கெல்வினில் அளந்ததை ஒரு எண்ணால் பெருக்கி 20 கெல்வின், 20 டெஸ்லாவில் என்ன வரும் என்று சொல்லிவிடலாமா? (சென்னை)

ஒரே தயாரிப்பாளர், ஒரே தொகுதி என்றால் தோராயமாகச் சொல்லலாம். டேப் மாறினால் சொல்லமுடியாது. 77 கெல்வினில் தடித்த தூண்கள்தான் பிடித்துவைக்கின்றன. 20 கெல்வினுக்குக் கீழே ஓர் அணு விடுபட்ட இடம்கூடச் சுழலைப் பிடிக்கும். ஆகவே 77இல் முதலிடம் பெற்ற டேப் 20இல் மூன்றாமிடம் போவது சகஜம். விற்பவரிடம் நீங்கள் கேட்கவேண்டியது உங்கள் வெப்பநிலையிலும் புலத்திலும் மிகக் கெட்ட கோணத்தில் எடுத்த எண்ணை.

கேள்வி: சிறு சுருள் ஒன்று சுற்றி எபாக்ஸி ஊற்றினோம். குளிர்விக்கும் முன் பார்வைக்கு நன்றாக இருந்தது. குளிர்வித்தபின் மாறுநிலை மின்னோட்டம் பாதிக்கும் கீழே. புலமே இன்னும் கொடுக்கவில்லை! (பெங்களூரிலிருந்து ஒரு பொறியாளர்)

எபாக்ஸிதான் காரணம். டேப் நீளவாக்கில் இரும்பு; தடிமன்வாக்கில் அப்பளம். நீளவாக்கில் 500, 600 மெகாபாஸ்கல் வரை இழுத்தாலும் தாங்கும். முகத்துக்குச் செங்குத்தாகப் பிரித்து இழுத்தால் சில துண்டுகள் 10 மெகாபாஸ்கலிலேயே பிரிந்துவிடும். விளிம்பிலிருந்து உரிப்பதுபோல் இழுத்தால் 1 மெகாபாஸ்கல்கூட வேண்டாம். எபாக்ஸி குளிரும்போது டேப்பை விட அதிகமாகச் சுருங்குகிறது. சுருளில் ஆரவாக்கில் இழுவிசை உண்டாகி, ஒட்டிய இடத்தில் மீக்கடத்திப் படலத்தைப் பெயர்த்து எடுக்கிறது. பழைய வகை மீக்கடத்தியான நயோபியம் கம்பிச் சுருளுக்கு எபாக்ஸி ஊற்றிப் பழகியவர்கள் கைப்பழக்கத்தில் இங்கும் ஊற்றிவிடுகிறார்கள்.

மாற்று வழிகள்: பாரஃபின் மெழுகு ஊற்றலாம், இழுவிசை வந்தால் மெழுகு தானே விரிசல் விட்டு டேப்பைக் காப்பாற்றும். ஒன்றும் ஊற்றாமல் உலர்வாகவே சுற்றலாம். எபாக்ஸி தவிர்க்கமுடியாது என்றால் அலுமினாத் தூள் கலந்து சுருக்கத்தைக் குறைத்து, டேப்பின்மேல் ஒட்டாத மெல்லிய பாலியெஸ்டர் உறை போடவேண்டும். உங்கள் சுருள் திரும்பாது. பிரித்து, 77 கெல்வினில் துண்டு துண்டாக அளந்து, எஞ்சியதைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புலம் கொடுத்தபின் வரும் விசையையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். மின்னோட்ட அடர்த்தி, புலம், ஆரம் மூன்றையும் பெருக்கினால் சுற்றுவாக்கு இழுவை. 4 மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் தடிமன், 200 ஆம்பியர், 20 டெஸ்லா, ஆரம் 5 சென்டிமீட்டர்: 500 மெகாபாஸ்கல். மின்னோட்டத்தில் இன்னும் பாதிக்கு மேல் மீதம் இருந்தாலும் டேப் இழுவையில் எல்லையைத் தொட்டுவிட்டது. பலத்த புலக் காந்தங்களில் பலசமயம் மீக்கடத்தலுக்கு முன் உலோகம்தான் தோற்கும். துருப்பிடிக்காத எஃகு நாடாவைக் கூடவே சுற்றுவது இதற்காகத்தான்.

கேள்வி: ஃபுளோரிடாவில் 45.5 டெஸ்லா எட்டியது சிறு சுருள் என்கிறார்கள். அதன் டேப் பிறகு அலை அலையாக நெளிந்திருந்ததாமே, ஏன்? (யாழ்ப்பாணம்)

ஆம். 2019இல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்கத் தேசிய பலத்த காந்தப்புல ஆய்வகத்தில், 31.1 டெஸ்லா தரும் சாதாரணச் செம்புக் காந்தத்தின் துளைக்குள் வைத்த சுருள் தன் பங்குக்கு 14.4 டெஸ்லா சேர்த்தது. 30 மைக்ரோமீட்டர் ஹாஸ்டலாய் டேப். சுருளின் எடை 390 கிராம்தான்.

நெளிவுக்குக் காரணம் மறைப்பு மின்னோட்டம். புலம் மாறும்போது மீக்கடத்தி அதை எதிர்த்துத் தனக்குள் மின்னோட்டத்தைச் சுழலவிடும்: ஒரு விளிம்பில் போய் மறு விளிம்பில் திரும்பும். ஜெனீவாவின் பெரிய ஹாட்ரான் மோதுவியின் காந்தக் கம்பியில் நயோபியம்–டைட்டானியம் இழை 6, 7 மைக்ரோமீட்டர் என்பதால் இது அங்கே சிறு தொந்தரவு. இங்கே முழு 4 மில்லிமீட்டரும் ஒரே இழை. ஒரு விளிம்பில் மின்னோட்டம் கூடுகிறது, மறு விளிம்பில் குறைகிறது, சிலசமயம் எதிர்த்திசையிலும் ஓடுகிறது. ஒரே டேப்பின் ஓரம் ஒன்று வெளியே இழுபட, மற்றது உள்ளே அழுந்துகிறது. சராசரி இழுவையைக் கணக்கிட்டு நிம்மதியாக இருந்தவரை ஏமாற்றுவது இதுதான். தொழிற்சாலையில் 12 மில்லிமீட்டர் டேப்பை மூன்றாக நறுக்கும்போது வெட்டிய விளிம்பில் நுண்விரிசல்கள் விழும். வெளி முனையைப் பார்த்து அந்த விளிம்பு அமைந்தால் சேதம் அங்கிருந்து உள்ளே ஓடும். முனைச் சுருள்களில் வெட்டாத விளிம்பை வெளிப்பக்கம் வைப்பது செலவில்லாத மருந்து.

இதே மின்னோட்டம் அளவீட்டையும் குழப்பும். மின்வழங்கி நிலையாக இருந்தும் புலம் மணிக்கணக்கில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். தேவையான அளவுக்குச் சற்று மேலே ஏற்றிப் பிறகு இறக்கி நிறுத்தினால் நகர்வு பெரிதும் அடங்கும். வெளிப்புறச் செம்புக் காந்தம் இல்லாமல் 2017 டிசம்பரில் அதே ஆய்வகம் எட்டிய 32 டெஸ்லா முழு மீக்கடத்திக் காந்தத்திலும் (வெளியே 15, உள்ளே டேப் 17) இந்த விலகல் உண்டு. அங்கே பரிசோதனை செய்பவர் மின்னோட்டக் கணக்கை மட்டும் நம்பாமல் புலத்தைத் தனியே அளந்துகொள்வது நல்லது.

கேள்வி: சுற்றுகளுக்கிடையே மின்காப்பே போடாமல் சுருள் சுற்றுவது எப்படி வேலை செய்கிறது? (ஈரோடு, மோட்டார் வைண்டிங் தொழில் செய்பவர்)

மோட்டார் சுற்றுபவருக்கு இது தலைகீழ்க் கூத்தாகத்தான் தோன்றும். மீக்கடத்தியின் தடை சுழியம். சுற்றுக்குச் சுற்று தொடும் இடத்தில் சிறு தடை உண்டு. நிலையாக ஓடும் மின்னோட்டம் சுழியத் தடைப் பாதையைத்தான் பிடிக்கும். ஓரிடத்தில் டேப் கெட்டுச் சூடானால் மின்னோட்டம் பக்கத்துச் சுற்றுக்குத் தாவி அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். இது பெரிய வரம். நயோபியம் கம்பியில் சூடான பகுதி நொடிக்குப் பல மீட்டர் பரவி மின்னழுத்தமாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இந்த டேப்பில் நொடிக்குச் சில மில்லிமீட்டர், மிஞ்சினால் சில சென்டிமீட்டர். கருவி கண்டுபிடிப்பதற்குள் ஓர் அங்குலம் உருகிப்போகும். எம்.ஐ.டி.யில் 2011இல் இந்த முறையைக் காட்டியபின்தான் பலரும் துணிந்தார்கள்.

விலை என்ன? பொறுமை. தூண்டலெண் அரை ஹென்றி, தொடுதடை மொத்தம் 1 மில்லிஓம் என்றால் புலம் நிலைக்கும் வேகத்தைச் சொல்லும் கால மாறிலி 500 நொடி. புலம் முழுதாக நிலைக்க நாற்பது நிமிடம். மாறுதிசை மின்னோட்டத்துக்கு அறவே ஆகாது, ஆகவே உங்கள் மோட்டாரில் முயற்சிக்கவேண்டாம். பெரிய அளவில் ஆபத்தும் மாறுகிறது. 2021 செப்டம்பர் 5 அன்று எம்.ஐ.டி.யும் காமன்வெல்த் ஃப்யூஷன் சிஸ்டம்ஸ் என்ற அணு இணைவு நிறுவனமும் 267 கிலோமீட்டர் டேப் கொண்ட காந்தத்தை 20 கெல்வினில் 20 டெஸ்லாவுக்கு ஏற்றினார்கள். மின்காப்பில்லா முறைதான். பின்னர் வேண்டுமென்றே மின்வழங்கியைத் துண்டித்துச் சோதித்தபோது சேமித்திருந்த ஆற்றல் உள்ளேயே இறங்கி ஒரு மூலை சூட்டால் சேதமானது. தன்னைத்தானே காத்துக்கொள்ளும் சுருள் என்ற விளம்பரம் சிறு சுருளுக்குத்தான் முழுக்கப் பொருந்தும்.

கேள்வி: இரண்டு டேப்பை ஒட்டினால் இணைப்பில் மைக்ரோஓம் கணக்கில் தடை வருகிறது. நானோஓம் எப்படிக் கிடைக்கும்? (கோவையிலிருந்தே இன்னொருவர்)

ஒரு டேப்பையாவது தப்பான முகத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். ஹாஸ்டலாய்ப் பக்கம் ஒட்டினால் இடைப்படலங்கள் மின்காப்பு. மின்னோட்டம் விளிம்புச் செம்பைச் சுற்றி வரவேண்டியிருக்கும். கழிவுத் துண்டின் முனையைக் கத்தியால் உரித்துப் பாருங்கள். கருப்புப் படலம் எந்தப் பக்கச் செம்புக்கு அடியில் இருக்கிறதோ அந்த முகங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவேண்டும். 5 சென்டிமீட்டர் மேற்பொருத்தினால் 20 நானோஓம் அளவில் கிடைக்கும். 100 ஆம்பியரில் அது 0.2 மில்லிவாட்.

கேள்வி: 20 டெஸ்லாவுக்கு மேல், சுருள் முழுக்கத் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருந்தும் நடுப்பகுதி மட்டும் சூடாவது ஏன்? (வெளிநாட்டில் பணிபுரியும் ஓர் ஆய்வாளர்)

அங்கே திரவம் இல்லை. ஹீலியத்தைக் காந்தம் மிக லேசாக விலக்கும். புலத்தையும் அது ஒரு சென்டிமீட்டருக்கு மாறும் அளவையும் பெருக்கி வருவது 21 சதுர டெஸ்லாவைத் தொட்டால் அந்த விலக்கு விசை புவியீர்ப்பைச் சமன்செய்துவிடும். சுருளின் மையத்துக்கு மேலே திரவம் மேல்நோக்கித் தள்ளப்படும். குமிழ் மேலே போகமுடியாமல் துளைக்குள்ளேயே அடைபடும். கொதிக்கும் குமிழெல்லாம் அங்கே சேர்ந்து ஒரே வாயுப்பையாகி, சுருள் திரவத்தைத் தொடாமல் நிற்கும். மட்டக்காட்டி நிறைந்திருப்பதாகவே சொல்லும்.

முதலில் வெப்பநிலை உணரியைச் சரிபாருங்கள். சிலிக்கான் டயோடு என்றால் இத்தகைய புலத்தில் அதன் வாசிப்பை நம்பமுடியாது. செர்னாக்ஸ் என்ற தடை வகை உணரி பரவாயில்லை. சூடு உண்மைதான் என்றால், குளியலை 2.17 கெல்வினுக்குக் கீழே இறக்குங்கள்; மீப்பாய்ம ஹீலியம் குமிழ் விட்டுக் கொதிக்காது. அதற்குப் பம்பு இல்லையென்றால் தட்டைச் சுருள்களுக்கிடையே மெல்லிய செம்புத் தகடு வைத்து வெப்பத்தை வெளிச்சுற்றுக்குக் கடத்துங்கள். தகட்டை முழு வளையமாக விடாமல் ஓரிடத்தில் வெட்டிவிடுங்கள். வெட்டாவிட்டால் புலம் ஏறும்போது தகட்டிலேயே மின்னோட்டம் சுழன்று அதுவே சூடாகும்.